சட்டக் கல்லூரி வாயிலில்



தமிழ்நாட்டுக்கு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதும் ஒரு கேள்வி எழுகிறது. "அடுத்து என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள்?" என்பதே அது. பொறியியல், மருத்துவம் என்னும் இரண்டு விடைகளே நெடுநாள் வழங்கி வந்தன. இவ்விரண்டும் கிட்டாதபோது, "சட்டமாவது படிக்கட்டுமே" என்று சொல்லுவோர் உண்டு. அந்த 'ஆவது' என்னும் இடைச்சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அச்சொல்லோடு சட்டக் கல்லூரிக்குள் நுழைகிறவர்கள் பலர், படிப்பு முடிந்த மறுநாள் காலையில் எங்கே போவது என்று அறியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறோம்.

நாம் வக்கீல் அல்லோம். மத்திய சர்க்கார் காரியாலயம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம். விதிகளும் அறிவிப்புகளும் ஒப்பந்தங்களும் அன்றாடம் நம் மேசைக்கு வருகின்றன. 'செய்யலாம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'செய்தல் வேண்டும்' என்று எழுதிவிட்டால் ஒருவருடைய உரிமை இன்னொருவருடைய கடமையாகிவிடும் என்பதை இப்பணியில் கற்றோம். இவ்வாறு சட்டத்தின் சொற்களோடு பழகிப் பழகி, நாற்பதைக் கடந்த வயதில், சட்டத்தையே முறையாகப் பயின்றால் என்ன என்ற ஆசையும் நமக்கு உண்டாயிற்று. அதே சமயத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நம் மகளும் சட்டம் படிக்க விரும்புவதாகச் சொன்னாள். தந்தையின் ஆசை எது, மகளின் ஆசை எது என்று பிரித்தறிய நமக்குச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் விசாரித்து அறிந்தவற்றையே இப்போது சொல்லுகிறோம்.

முதலில், இந்தப் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச் செல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சட்டம் பயின்றவர்கள் எல்லோரும் நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை. கம்பெனிகளின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்போர் உண்டு. வங்கிகளிலும் சர்க்கார் இலாகாக்களிலும் சட்ட அதிகாரிகளாக இருப்போர் உண்டு. நீதித்துறைப் பரீட்சை எழுதி நீதிபதி ஆவோரும், கல்லூரியில் கற்பிப்போரும் உண்டு. இவற்றுள் எது என்று பதினேழு வயதில் முடிவாகச் சொல்ல இயலாதுதான். ஆயினும், கருப்புக் கோட்டு அணிந்து உணர்ச்சி பொங்கப் பேசுவதே வக்கீல் தொழில் என்று சினிமாவில் பார்த்த படத்தை மனத்திலிருந்து அகற்றிவிட்டு யோசிப்பது அவசியம்.

அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நம் நாட்டில் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த மன்றங்கள். ஒழுங்காக அமர்ந்து கேட்க யாருக்கும் தடையில்லை. ஒரு திங்கட்கிழமை, நம் மகளை அழைத்துக்கொண்டு தலைநகரில் உள்ள ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றோம். பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, ஒரு மன்றத்தின் கடைசி வரிசையில் அமர்ந்தோம். அவள் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். பகல் உணவு நேரத்துக்குள் அழைக்கப்பட்ட வழக்குகள் முப்பதுக்கு மேல். வாதம் நடந்தவை மூன்றே. மற்றவை எல்லாம் வாய்தா வாங்கிக்கொண்டு போயின. சாட்சி வரவில்லை, ஆவணம் வரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் வேறு மன்றத்தில் இருக்கிறார் என்று காரணங்கள் பலவாக இருந்தன.

வெளியே வந்ததும், "என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்டோம்.

"காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கான வேலை இது என்று தோன்றுகிறது, அப்பா. எனக்குக் காத்திருக்கத் தெரியுமா என்று யோசிக்க வேண்டும்" என்றாள்.

பத்துப் புத்தகங்கள் படித்தாலும் கிட்டாத தெளிவு அந்த ஒரு நாளில் கிட்டிற்று. பிள்ளைகளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துப் பணம் கட்டுவதற்கு முன், இந்த ஒரு நாளைச் செலவிடுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது கேள்வி, வெளிமாநிலத் தமிழருக்கே உரியது. எந்த மொழியில் வாதாடப் போகிறோம்? உச்சநீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவு. அப்பிரிவிலேயே உள்ள விலக்கின்படி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கும் இடம் உண்டு. ஆனால் இளம் வக்கீல் பெரும்பாலும் தொழிலைத் தொடங்குவது உயர்நீதிமன்றத்தில் அன்று. மாவட்ட நீதிமன்றத்திலும் தாலுகா நீதிமன்றத்திலுமே. அங்கே தமிழ்நாட்டில் தமிழும், மகாராஷ்டிரத்தில் மராத்தியும், வட மாநிலங்களில் இந்தியும் ஆளுகின்றன. சாட்சி பேசுவது அந்த மொழி. பத்திரம் எழுதப்பட்டிருப்பதும் அந்த மொழி. கட்சிக்காரர் தம் துயரத்தைச் சொல்லுவதும் அந்த மொழியிலேதான்.

நம் மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தாயிடம் கற்றிருக்கிறாள். படிப்பு முடிந்ததும் தஞ்சை மாவட்டத்துக்குத் திரும்பி, நம் ஊருக்கு அருகே தொழில் நடத்துவாள் என்று நாம் மனத்துக்குள் ஒரு கோட்டை கட்டியிருந்தோம். ஒருநாள், நம் தந்தையார் விட்டுச்சென்ற கிரயப் பத்திரம் ஒன்றின் நகலை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். நஞ்சை, வில்லங்கம், பாத்தியதை, சுவாதீனம் என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்றாள். முதல் பக்கத்தைக் கடப்பதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அமைதியாகச் சொன்னாள்: "நான் வக்கீலானால் இங்கேதான் நிற்பேன், அப்பா. இந்த ஊர் மக்கள் பேசுவதுதான் எனக்கு ஒரு தடவையில் புரிகிறது."

உள்ளபடியே சொல்லுகிறோம், அது நமக்கு வருத்தம் தந்தது. ஆயினும் அவள் சொன்னது சரி. சட்டப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு தொழிலை மட்டும் தேர்ந்தெடுப்பது அன்று. ஓர் ஊரையும் ஒரு மொழியையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பதாகும். எஞ்சினீயர் எந்த நகரத்துக்கும் மாற்றலாகிப் போகலாம். வக்கீலுக்கும் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி நாடெங்கும் தொழில் நடத்தும் உரிமை உண்டு. அதன் 30ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உரிமை இருப்பது வேறு, கட்சிக்காரர் தேடி வருவது வேறு. அறிமுகமும் நம்பிக்கையும் ஓர் ஊரில் பல ஆண்டுகள் ஊன்றி நின்றால்தான் வளரும். ஆகவே எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன்பே எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு விடை கண்டவர்களுக்கு, இனிச் சேர்க்கை முறையைச் சொல்லுவோம்.

வழிகள் இரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. அதில் கலைப் பட்டமோ வணிகப் பட்டமோ சட்டப் பட்டத்துடன் இணைந்து வரும். ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகு சேரும் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று; நம் பாட்டனார் காலத்து 'பி.ஏ., பி.எல்.' இந்த வழியில் வந்ததே. வக்கீலாகப் பதிவு செய்துகொள்வதற்கு இரண்டும் சமமே. பதினேழு வயதில் உறுதி உள்ளவர்களுக்கு ஐந்தாண்டு வழி ஓராண்டை மிச்சப்படுத்தும். உறுதி இல்லாதவர்கள் பிடித்த பாடத்தில் ஒரு பட்டம் பெற்று, பிறகு மூன்றாண்டு வழியில் வருவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஐந்தாண்டில் பாதி கடந்தபின் மனம் மாறுவதைக் காட்டிலும் அது நல்லது.

ஐந்தாண்டு வழியில் பெயர் பெற்றவை தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். இவற்றுள் பெரும்பாலானவை 'கிளாட்' எனப்படும் பொது நுழைவுப் பரீட்சையின் வாயிலாக மாணவரைச் சேர்க்கின்றன. 2008இல் தொடங்கிய இப்பரீட்சை அண்மை ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. இரண்டு மணி நேரம், 120 வினாக்கள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்டவழிச் சிந்தனை, தருக்கம், எளிய கணக்கு என்று ஐந்து பகுதிகள். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொடுக்கப்பட்ட பத்தியை ஊன்றிப் படித்து அதிலிருந்தே விடை காண வேண்டும். ஆகவே பத்திரிகைத் தலையங்கத்தை நாள்தோறும் கவனமாகப் படிக்கும் பழக்கமே இதற்கு முதல் பயிற்சி. தில்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேராமல் தனிப் பரீட்சை நடத்துகிறது. தில்லிப் பல்கலைக்கழகம் 2023இல் தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்புக்குக் கிளாட் மதிப்பெண்ணையே கொள்கிறது.

மூன்றாண்டு வழியில், தில்லிப் பல்கலைக்கழகச் சட்டத்துறை 2023 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குரிய முதுநிலைப் பொது நுழைவுப் பரீட்சையின் மூலம் சேர்க்கிறது. மகாராஷ்டிரத்தில் இரு படிப்புகளுக்கும் மாநில அரசே பொது நுழைவுப் பரீட்சை நடத்துகிறது. 1855இல் தோன்றிய மும்பை அரசுச் சட்டக் கல்லூரிக்கும் அதுவே வழி. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுக் கல்லூரிகளில் நுழைவுப் பரீட்சை இல்லை. முன்பு பெற்ற மதிப்பெண்ணே தகுதி.

இங்கே வெளிமாநிலத் தமிழர் ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு. 'தேசிய' என்ற சொல் பெயரில் இருப்பினும், அப்பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தால் நிறுவப்பெற்றவை. அவற்றுள் பல, தம் மாநிலத்தவருக்கென்று இடங்களை ஒதுக்குகின்றன. அம்மாநிலத்தவர் யார் என்பதைப் பிறப்பு, வசிப்பு, பள்ளிப் படிப்பு என்று வெவ்வேறு அளவுகோல்களால் முடிவு செய்கின்றன. திருச்சியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு நாம் தமிழர் என்பது மட்டும் போதாது. தில்லியில் உள்ளதற்கு இருபது ஆண்டு வாடகை கொடுத்தோம் என்பதும் போதாது. விளக்கக் குறிப்பேட்டில் அப்பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மற்றொன்று சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டை அங்கே கோர இயலாது என்று உச்சநீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது; 2018இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில், சொந்த மாநிலத்துப் பட்டியலின்படி பெற்ற சான்றிதழ் செல்லும். பிற்படுத்தப்பட்டோர்க்கு மத்திய சர்க்காரின் பட்டியலும், அதற்குரிய படிவமும், வருமான வரம்பைக் காட்டும் அண்மைக்காலச் சான்றும் வேண்டும். மாநிலப் படிவத்தைக் கொண்டுபோய்க் கடைசி நாளில் திரும்பியவர்களை நாம் அறிவோம். தந்தையின் பூர்வீகத் தாலுகாவிலிருந்து காகிதம் வந்து சேர நாளாகும். ஆதலால் விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே இவ்வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், விடுதியும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. தில்லிப் பல்கலைக்கழக மூன்றாண்டுப் படிப்பும் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளும் அதனோடு ஒப்பிட மிக மலிவானவை. கடன் வாங்கிப் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேருகிறவருக்கு முதல் சில ஆண்டுகளில் வருமானம் மிகக் குறைவு. நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகக் கொடுக்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் யோசனை கூறிற்று. அது யோசனையே, கட்டளை அன்று. 'லாம்' என்னும் விகுதியின் பொருள் நமக்குத் தெரிந்ததே. ஆகவே பெரும் கடனோடு நீதிமன்றத்தில் நுழைகிறவர், மாதத் தவணைக்கு அஞ்சி, விரும்பாத கம்பெனி வேலைக்குத் திரும்ப நேரிடும். குறைந்த கட்டணத்தில் பயின்றவருக்குத் தொழிலில் பொறுமையாக நிற்கும் சுதந்திரம் இருக்கிறது.

பட்டம் பெற்றபின் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பல கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வசூலித்து வந்தன. சட்டத்தில் கண்ட 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்றும், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அது 125 ரூபாயே என்றும் 2024 ஜூலை 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பால் அகில இந்திய பார் பரீட்சை ஒன்று உண்டு. 2010இல் அது வந்தது. அதை நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்று 2023இல் அரசியல் சாசன அமர்வு கூறிற்று. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம்மவர்க்கு நற்செய்தி. கல்லூரியிலிருந்து நேரே நீதிபதி ஆகலாம் என்று எண்ணியிருப்போர், 2025 மே 20 தீர்ப்பைக் கவனிக்க வேண்டும். கீழ்நிலை நீதிபதிப் பதவிக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்னும் பழைய விதியை அத்தீர்ப்பு மீண்டும் கொண்டுவந்தது.

இனி, நம்மைப் போல் நடுவயதில் ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. வயது ஒரு தடையாக இல்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு முப்பது வயது உச்சவரம்பு விதித்த அறிவிப்பை 2017இல் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. தடை வேறிடத்தில் உள்ளது. தபால் வழியில் பெறும் சட்டப் பட்டம் வக்கீலாகப் பதிவு செய்யப் பயன்படாது. நாள்தோறும் வகுப்புக்குப் போயாக வேண்டும். உத்தியோகத்தில் இருப்போர் இலாகாவின் அனுமதியும் பெற வேண்டும். முழுநேரச் சம்பளம் பெறுபவர், அந்த உத்தியோகத்தில் இருக்கும்வரை வக்கீல் தொழில் நடத்தலாகாது என்பது பார் கவுன்சில் விதி. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி முன்னே வைத்துப் பார்த்தோம். நாம் விரும்பியது தொழிலை அன்று, பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துகளை என்று விளங்கிற்று. சட்ட அறிவு வேண்டுமானால் சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன. நம் பணிக்கு அது போதும். அந்த ஆசையை அங்கேயே இறக்கி வைத்தோம். இறக்கி வைத்திராவிட்டால், அதை மகளின் தோளில் ஏற்றியிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் கிளாட் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். நம் சேமிப்புக்குள் அடங்கும் கட்டணத்தில் இடம் கிடைத்தால் ஐந்தாண்டு வழி. இல்லையேல் தில்லியிலேயே வரலாற்றுப் பட்டம், பிறகும் இதே விருப்பம் இருந்தால் மூன்றாண்டு வழி. இடம் கிடைக்காமற் போவதைத் தோல்வி என்று யாரும் சொல்லலாகாது என்பதும் அவ்வுடன்படிக்கையில் ஒரு நிபந்தனை. அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலை அவள் திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அகராதியோடு உட்கார்ந்து சிறிது சிறிதாகப் படிக்கிறாள். மூன்றாம் பக்கம் வரை வந்திருக்கிறாள்.

நேயர்களே, "சட்டமாவது படிக்கட்டும்" என்று இனிச் சொல்லாதிருப்போம். எந்த வேலைக்கு, எந்த ஊரில், எந்த மொழியில், எவ்வளவு செலவில் என்னும் நான்கு கேள்விகளையும் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். விடை 'ஆம்' என்று வந்தால் மனமுவந்து அனுப்புவோம். 'அன்று' என்று வந்தாலும், ஐந்து ஆண்டுகளையும் பல லட்சம் ரூபாயையும் காத்துக்கொண்டோம் என்று மகிழ்வோம்.